சொல்லிவிட்டு மாற்றுங்கள்

மே மாதம் முழுக்க என் மகள் வயிற்றுப் பேரன் எங்கள் ஆனையூர் வீட்டில்தான் இருந்தான். பதினொன்றாம் வகுப்பு முடித்தவன். காலை பத்து மணிக்கு எழுந்திருப்பான், பாட்டி வைத்த இட்லியைப் பாதி சாப்பிடுவான், பிறகு மொட்டை மாடி அறையில் மொபைலோடு உட்கார்ந்துவிடுவான். துப்பாக்கி சுடும் விளையாட்டு. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்வார்களே, அந்த வகை. எந்த விளையாட்டு என்று பெயர் சொல்லப்போவதில்லை. பெயர் சொன்னால் அந்தக் கம்பெனியைப் பற்றித்தான் பேச்சு போகும், விஷயம் நின்றுவிடும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழே வந்தான். "தாத்தா, உங்க வைஃபை சரியில்ல" என்றான். மோடத்தை அணைத்துப் போட்டேன். அரை மணி கழித்து மறுபடி வந்தான். இப்போது வைஃபையைக் குறை சொல்லவில்லை. மொபைலின் கண்ணாடியைத் தன் பனியனால் துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், கட்டை விரலில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய துணி உறை இரண்டு வாங்கி வந்தான். கை வியர்த்தால் குறி தப்புமாம். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. "காதல் கீதல் ஏதும் இருக்குமோ" என்று என் மனைவி கவலைப்பட்டாள்.

சனிக்கிழமை அவனுடைய கூட்டாளி போனில் கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வியாழக்கிழமை காலையில் அந்த விளையாட்டுக்கு ஒரு அப்டேட் வந்திருக்கிறது. இவன் எட்டு மாதமாகக் கையாண்டு பழகிய துப்பாக்கியின் பலத்தைக் குறைத்துவிட்டார்கள். அப்டேட்டோடு வந்த அறிவிப்பில் புது உடை, புது வாகனம், திருவிழாப் பரிசு என்று பத்துப் பதினைந்து வரி. கடைசியில், 'சில ஆயுதங்களின் சமநிலை சீர்செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. எந்த ஆயுதம், எவ்வளவு, எதற்கு, ஒன்றும் கிடையாது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குறைச்சது கூடப் பரவாயில்ல தாத்தா. வேற துப்பாக்கி எடுத்துப் பழகிக்குவேன். ரெண்டு நாளா எனக்கு ஆடவே வரலைன்னு நினைச்சிட்டேன். அதுதான் கடுப்பா இருக்கு."

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். வேறு வாயிலிருந்து, வேறு காலத்தில். அதனால்தான் விளையாட்டே ஆடத் தெரியாத நான் விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

என் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நாம் கேரம் போர்டு வாங்கினோம் என்றால் அது நம் வீட்டுப் பொருள். குழி எவ்வளவு அகலமோ, போர்டு உடையும்வரை அதே அகலம்தான். இந்த மொபைல் விளையாட்டு அப்படியல்ல. அது கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பையன்களின் கையில் இருப்பது அதன் ஜன்னல் மட்டும்தான். இரவோடு இரவாகக் கேரம் போர்டின் நாலு குழியும் கால் அங்குலம் சுருங்கலாம், ஸ்ட்ரைக்கரின் எடை குறையலாம். காலையில் ஆட உட்காருகிறவனுக்குக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காய் விழவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இதற்கென்று அவர்களிடம் ஒரு மொழி இருக்கிறது. பலம் கூட்டினால் 'பஃப்', குறைத்தால் 'நெர்ஃப்'. நெர்ஃப் என்பது அமெரிக்காவில் பிள்ளைகளுக்காக நுரைப்பஞ்சில் செய்யும் பந்து, பொம்மைத் துப்பாக்கி இவற்றின் கம்பெனிப் பெயராம். வாளின் வலுவைக் குறைத்தபோது, 'பஞ்சு வாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள்' என்று ஆட்டக்காரர்கள் கிண்டலடித்ததில் பிறந்த சொல். முப்பது வருடம் பஞ்சோடு மாரடித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சொல் உடனே பிடித்துப்போயிற்று.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு துப்பாக்கி மட்டும் மற்றதையெல்லாம்விட உசத்தி என்றால் எல்லோரும் அதையே எடுப்பார்கள், மற்ற முப்பது துப்பாக்கியும் வீண். நாலே மாதத்தில் விளையாட்டு செத்துவிடும். ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் அந்தத் தொழிலின் அன்றாட வேலை. எந்த விளையாட்டுக்கும் அது நடந்துதான் இருக்கிறது. சதுரங்கத்தில் ராணிக்கு இன்றைக்கு இருக்கும் நீளமான ஓட்டம் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் வந்தது. அதற்கு முன்னால் அந்தக் காய் ஒரு கட்டம் மட்டுமே குறுக்காக நகரும் நோஞ்சான். எங்கள் வீட்டில் தாத்தாவிடம் நான் கற்றது நாட்டுச் சதுரங்கம், அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் போகும். பள்ளிக்கூடத்தில் எதிரே இருந்த பையன் முதல் நகர்த்தலிலேயே சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தான். கள்ள ஆட்டம் என்று சண்டைக்குப் போய், வாத்தியாரிடம் குட்டு வாங்கியது நான்தான். உலகம் முழுக்க விதி வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இனி மில்லுக்கு வருகிறேன்.

மதுரையில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். 1986 வாக்கில் நான் அங்கே டைம் ஆபீசில் குமாஸ்தா. கோன் வைண்டிங் பகுதியில் ஷிப்டு முடிகிறபோது, ஒவ்வொருவரும் சுற்றிய கோன்களை எடை போட்டுச் சீட்டில் எழுதுவது என் வேலை. பாபினில் இருக்கும் நூலைப் பெரிய கோனில் சுற்றும் இடம் அது. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். முழுக்கப் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு பைசா என்று கூலி. கை ஓடினால் காசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மராமத்தின்போது மோட்டாரின் புல்லியை மாற்றிவிட்டார்கள். டிரம் சுற்றும் வேகம் கொஞ்சம் குறைந்தது. காரணம் நியாயமானது. அந்தத் தடவை வந்த பஞ்சு சரியில்லை, வேகமாகச் சுற்றினால் நூல் அடிக்கடி அறுந்தது, கோன் முழுக்க முடிச்சாக இருக்கிறது என்று நூல் வாங்கும் நெசவுக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வேகத்தைக் குறைத்தால் அறுப்பு குறையும். ஸ்பின்னிங் மாஸ்டர் எடுத்த முடிவில் பிசகே இல்லை. ஆனால் வைண்டிங் பெண்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மராமத்துச் சீட்டின் நகல் டைம் ஆபீசுக்கு வந்தது. அதைக் கோப்பில் குத்தி வைத்தவன் நான்.

திங்கட்கிழமையிலிருந்து ஆளுக்கு நாலு கிலோ, ஐந்து கிலோ குறைந்தது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள்கூடத் தமக்குக் குறைந்ததை வெளியே சொல்லவில்லை. கை சோம்பிவிட்டது என்று பெயர் வந்துவிடுமே. அங்கே ஒரு அக்கா இருந்தார். முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதன்கிழமை தராசு முன்னால் நின்று, முள்ளையே பார்த்துக்கொண்டு, "தம்பி, தராசு சரியாத்தான இருக்கு?" என்று கேட்டார்.

"தராசெல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா" என்றேன்.

தராசு சரியாகத்தான் இருந்தது. நான் சொன்னதில் பொய் இல்லை. மராமத்துச் சீட்டு என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்தான், வீட்டில் கைக்குழந்தை. இதெல்லாம் காரணம்தான். சமாதானம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஃபிட்டர் ஒருவர் டீக்கடையில் வாய் தவறிச் சொல்ல, விஷயம் கொதித்துவிட்டது. காலை ஷிப்டில் சங்கு ஊதியும் ஒருவரும் உள்ளே போகவில்லை, கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சு வார்த்தை நடந்தபோது நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பெண்களில் ஒருவர் சொன்னது: "வேகத்தக் குறைச்சீங்க, சரி. நூல் அறுகுதுன்னு எங்களுக்கே தெரியும். மூணு வாரமா நாங்க நோக்காடு புடிச்சுப் போயிட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோமே, அதுக்கு என்ன பதில்?"

பேரன் சொன்னதும் இதேதான். அவன் சொன்னபோது எனக்குச் சட்டென்று வைண்டிங் பகுதியின் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது போல இருந்தது.

அந்தக் காலத்துத் தொழில் தகராறுச் சட்டம், 1947, அதில் 9ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கூலி, வேலை நேரம், ஷிப்டு இந்த மாதிரி விஷயங்களில் முதலாளி மாற்றம் செய்வதானால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நோட்டீஸ்களை டைப் அடித்துப் பலகையில் ஒட்டியவன் நான். கிலோவுக்குக் கூலியை ஒரு பைசா குறைப்பதென்றால் நோட்டீஸ் வேண்டும் என்று எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். புல்லியை மாற்றினால்? அது இயந்திர சமாச்சாரம், அதற்கு எதற்கு நோட்டீஸ் என்று நினைத்தார்கள். கூலி விகிதத்தைத் தொடாமல் கூலியைக் குறைக்க ஒரு வழி இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்பின்னிங் மாஸ்டர் கெட்டவர் அல்ல. பின்னால் ஒரு நாள் என்னிடம் அவரே சொன்னார்: "காரணத்தைச் சொன்னா பேரம் பேசுவாங்கன்னு பயந்தேன்யா."

விளையாட்டுக் கம்பெனிகளும் இதற்குத்தான் பயப்படுகின்றன என்று நினைக்கிறேன். பயம் வீணானது என்றும் சொல்ல முடியாது. 2013 ஜூலையில் 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 2' என்ற விளையாட்டில் ஒரு மாற்றம் செய்தார்கள். ஒரு துப்பாக்கியில் அடுத்த குண்டு சுட ஆகும் நேரம் 0.2 விநாடி, அதை 0.4 விநாடி ஆக்கினார்கள். இன்னொன்றில் 1.0 விநாடியை 1.1 ஆக்கினார்கள். அந்த விளையாட்டின் வடிவமைப்பாளர் டேவிட் வோண்டர்ஹார் எண்ணைச் சொல்லி, வெளிப்படையாக அறிவித்தார். பதிலுக்கு வந்தவை கொலை மிரட்டல்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குக்காக, அவரையும் அவர் குடும்பத்தையும் கொல்லுவேன் என்று எழுதினார்கள். பேரனிடம் இதைச் சொன்னதும், "அப்புறம் எதுக்கு தாத்தா சொல்லணும்? சொன்னாலும் திட்டு, சொல்லாட்டியும் திட்டு. சொல்லாம இருந்தா பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாதுல்ல?" என்றான். பாதிக்கப்பட்டவனே கம்பெனி பக்கம் பேசுகிறான்!

அவன் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். மிரட்டினவர்கள் அயோக்கியர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் திட்டியது எதற்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 0.2 என்பது 0.4 ஆனது. அது சரியா தவறா என்று மற்றவர்கள் வாதாட முடிந்தது. சொல்லாமல் செய்திருந்தால் ஆயிரக்கணக்கான பையன்கள் தங்கள் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள். கம்பெனியின் பங்குக்கு வர வேண்டிய திட்டு ஆட்டக்காரன் தலையில் விழுந்திருக்கும். சொல்லாமல் இருப்பதில் கம்பெனிக்குக் கிடைக்கும் நிம்மதி, ஆட்டக்காரனிடமிருந்து எடுத்த நிம்மதிதான்.

எப்படிச் சொல்வது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டை நடத்தும் ரயட் கம்பெனி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றக் குறிப்பு வெளியிடுகிறது. பேரன் மடிக்கணினியில் எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு வீரனின் பெயர், என்ன எண் இருந்தது, என்ன எண் ஆகிறது, அதோடு ஏன் மாற்றுகிறோம் என்று நாலு வரி. 'இவன் மேல்மட்ட ஆட்டக்காரர்கள் கையில் மட்டும் அதிகம் ஜெயிக்கிறான், சாதாரண ஆட்டக்காரர்களைத் தொடாமல் இதை இப்படிக் குறைக்கிறோம்' என்கிற ரீதியில். படித்துப் பார்த்தேன், பாதி புரியவில்லை, ஆனாலும் ஒரு நல்ல சர்க்குலரின் லட்சணம் அதில் இருந்தது. என் சர்வீசில் இப்படி ஒரு சர்க்குலர் நான் டைப் அடித்ததில்லை.

தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொண்டவர்களும் உண்டு. 2023 ஜூன் மாதம் வெளிவந்த 'டையாப்லோ 4' விளையாட்டுக்கு ஜூலை 18ஆம் தேதி ஒரு பெரிய மாற்றம் வந்தது. எந்த வகை வீரனை எடுத்தாலும் பலம் குறைந்திருந்தது. ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கொல்ல முன்பைவிட நேரம் பிடித்தது. ஆடுகிறவர்கள் பொங்கிவிட்டார்கள். மூன்று நாளில் அதைச் செய்தவர்களே கேமரா முன்னால் வந்து உட்கார்ந்து, ஏன் செய்தோம் என்று விளக்கி, இந்த மாதிரி ஒரு மாற்றத்தை இனிமேல் செய்வதாக இல்லை என்று சொன்னார்கள், மாற்றக் குறிப்பை முன்கூட்டியே வெளியிடுவோம் என்றும் சொன்னார்கள். எனக்கு இதில் பிடித்தது, பேசியவர்கள் விளம்பரப் பிரிவு ஆட்கள் இல்லை, எண்ணை மாற்றிய கைக்குச் சொந்தக்காரர்களே என்பது. எங்கள் மில்லில் புல்லியை மாற்றச் சொன்னவர் கேட்டுக்கு வரவே இல்லை. லேபர் ஆபீசரை அனுப்பினார்கள், அவருக்குப் புல்லி எது டிரம் எது என்றே தெரியாது.

ஸ்வீடன் நாட்டு ஆரோஹெட் கம்பெனியின் 'ஹெல்டைவர்ஸ் 2' இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 ஆகஸ்டில் ஆயுதங்களை மட்டுப்படுத்திக் கெட்ட பெயர் வாங்கியதும், 60 நாளில் இன்னின்னதைச் சரி செய்கிறோம் என்று திட்டம் போட்டு அறிவித்தார்கள். செப்டம்பர் 17ஆம் தேதி பல ஆயுதங்களுக்கு வலுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். சொன்ன கெடு முடிவதற்குள். கெடு சொல்லிக் கெடுவுக்குள் செய்வது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் ஆனையூரில் தோண்டிப் போட்ட தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எதிர் உதாரணமும் வேண்டுமல்லவா? 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2'. டார்த் வேடர் என்ற பெரிய பாத்திரத்தை எடுத்து ஆட 60,000 புள்ளி சேர்க்க வேண்டும் என்று வைத்தார்கள். ராத்திரி பகலாக ஆடினாலும் சீக்கிரம் சேராத தொகை. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, கஷ்டப்பட்டு அடைந்தால்தான் பெருமையாக இருக்கும் என்ற ரீதியில் ஒரு பதில் கொடுத்தார்கள். அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர் வாக்கு ஆறு லட்சத்தைத் தாண்டி, கின்னஸ் சாதனை ஆயிற்று. பிறகு விலையை 75 சதவீதம் குறைத்து 15,000 ஆக்கினார்கள். விளக்கம் சொன்னார்களே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அது விளக்கம் இல்லை. உபதேசம். கூலியைக் குறைத்துவிட்டு உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசினால் எங்கள் வைண்டிங் பெண்கள் என்ன செய்திருப்பார்கள்? மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு சம்பந்தப்பட்டால் சொன்னால் மட்டும் போதாது. 'ஹார்த்ஸ்டோன்' என்ற சீட்டு விளையாட்டில் ஒரு சீட்டின் பலத்தைக் குறைத்தால், அந்தச் சீட்டைச் செய்ய ஆன விளையாட்டுப் பணம் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கொஞ்ச நாள் அவகாசம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் சீட்டைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள். இதைப் பேரன் சொன்னபோது, "இதுதான்டா நஷ்ட ஈடு" என்றேன். அவனுக்கு அந்தச் சொல் புதிதாக இருந்தது. அவன் ஆடும் விளையாட்டில் அப்படி எதுவும் கிடையாதாம். அந்தத் துப்பாக்கிக்கு வர்ணம் பூச அவன் தன் தீபாவளிக் காசைச் செலவழித்திருக்கிறான். அவன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பையன்களுக்கு மாற்றத்தைத் தெரிவிக்கும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் மோசம். துப்பாக்கியை விடுங்கள், விளையாட்டே காணாமல் போகும். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைல் தடை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் மறுபடி வந்தது. 2022 ஜூலை 28ஆம் தேதி அது ஆப் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பி வந்தது. தடை சரியா என்பது வேறு வாதம், தேசப் பாதுகாப்பு என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் 2022இல் அது கடையிலிருந்து மறைந்த அன்று, ஏன், எத்தனை நாளைக்கு, போட்ட காசு என்ன ஆகும் என்று ஆடுகிறவனுக்கு நேராகச் சொன்னவர் யார்? பத்து மாதம் பையன்கள் வதந்தியைத் தின்றே காலத்தை ஓட்டினார்கள்.

பெரியவர்கள் ஆட்டத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம். ஒருநாள் கிரிக்கெட்டில் 2011 அக்டோபரிலிருந்து இரண்டு முனையிலும் இரண்டு புதுப் பந்து என்று வைத்தார்கள். பந்து பழசாகவே இல்லை, ரிவர்ஸ் ஸ்விங் ஒழிந்தது. டெண்டுல்கரே 2018இல் இது ஆட்டத்துக்குக் கேடு என்று வெளிப்படையாகச் சொன்னார். 34 ஓவருக்குப் பிறகு ஒரு பந்துதான் என்று திருத்தியது 2025இல். பதினாலு வருடம்! ஐபிஎல்லில் 2023இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியை ரோஹித் சர்மா தனக்குப் பிடிக்கவில்லை என்று 2024இல் சொன்னார். ஆல்ரவுண்டர்கள் பந்து போட வாய்ப்பே இல்லாமல் போகிறது என்பது அவர் வாதம், நம் வாஷிங்டன் சுந்தர் பெயரையும் சொன்னார். அப்போதைய தேசிய அணித் தலைவரே பேட்டியில்தான் குறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், பதினாறு வயதுப் பையன் எந்த மூலை?

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் ஒழுங்காக நடப்பது நம் ஊர்ப்பக்கத்து ஜல்லிக்கட்டு மைக்தான். சிரிக்காதீர்கள். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ போய் நின்று கேளுங்கள். வாடிவாசல் திறந்ததிலிருந்து சாயங்காலம்வரை அந்த மைக் ஓயாது. திமிலை மட்டும் பிடி, கொம்பைத் தொடாதே, வாலைப் பிடிக்காதே, இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் பரிசு கிடையாது. ஒரு மாட்டை விட்டதும் அடுத்த நொடியே தீர்ப்பு: மாடு வெற்றி, அல்லது பிடித்தவர் வெற்றி, இல்லையென்றால் ஏன் செல்லாது என்று காரணம். கட்டுப்பாடுகள் வருடத்துக்கு வருடம் மாறத்தான் செய்கின்றன, முணுமுணுப்பும் சண்டையும் உண்டு. ஆனால் களத்தில் இறங்கியவன் எந்த விதியில் தோற்றோம் என்று தெரியாமல் வீட்டுக்குப் போவதில்லை.

நான் கேட்பது ரொம்பப் பெரிதல்ல. எது மாறுகிறது, எவ்வளவு, எதற்கு என்பதை ஆடுகிறவன் ஆட உட்காருவதற்கு முன்னால், அவன் கண்ணில் படும் இடத்தில், அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தமிழிலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆடுவதில் பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம் இல்லை. எல்லோரிடமும் சம்மதம் வாங்கச் சொல்லவில்லை. சம்மதம் கேட்டால் எந்தத் துப்பாக்கியையும் எப்போதும் குறைக்க முடியாது, அதிகம் கத்துகிறவன் துப்பாக்கிதான் ஜெயிக்கும். நோட்டீஸ் வேறு, பேரம் வேறு. மில் கேட்டில் அந்தப் பெண்கள் கேட்டதும் நோட்டீஸைத்தான். வேகத்தை மறுபடி கூட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கிலோவுக்குச் சில பைசா கூட்டிக் கொடுத்தார்கள், வைண்டிங் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். அதன்பின் புல்லியை மாற்றினால் அன்று காலை அதில் எழுத வேண்டும். எழுதுகிற வேலை எனக்கு வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

பேரன் இப்போது வேறு துப்பாக்கிக்கு மாறிவிட்டான். அப்டேட் வந்த அன்று ஆடுவதில்லையாம், இரண்டு நாள் பொறுத்து மற்றவர்கள் அடி வாங்கி என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஆடுகிறானாம். கெட்டிக்காரன்தான். இருந்தாலும் பதினாறு வயதில் இந்தச் சந்தேகம் வேண்டுமா என்று இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் விளாங்குடியில் ஒரு கல்யாணம். பேரனையும் இழுத்துக்கொண்டு போனேன். பந்தியில் எதிரே அந்த வைண்டிங் அக்கா. எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், பார்த்த உடனே, "டைம் ஆபீசுத் தம்பிதான?" என்றார். பேச்சோடு பேச்சாக, அந்தப் புல்லி விவகாரத்தில் எனக்கு முதல் நாளே தெரியும், தராசு முன்னால் நீங்கள் கேட்டபோது நான் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து. பேரன் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த வாரந்தேன் தம்பி, எனக்குக் கண்ணு மங்கிருச்சுன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிக் கண்ணாடி வாங்கிப் போட்டேன்" என்றார். "வட்டிக்கு வாங்கி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பேரன் பக்கம் திரும்பி, "நீ ஏன்டா சாப்பிடாம உக்காந்திருக்க? பாயசம் வருது பாரு, எலையில எடம் பண்ணு" என்றார்.